ராஜீவ் காந்தி கைச்சாத்திட்டது எதை? ஒப்பந்தம், பதின்மூன்று, இணைப்பு: கிழக்கிலிருந்து ஒரு விளக்கம்

மாகாண சபைத் தேர்தல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரு பெயர் மறுபடி அடிபடும்: ராஜீவ் காந்தி. "ராஜீவ் தந்ததைக்கூட எடுத்துவிட்டார்கள்" என்பார் ஒருவர். "ராஜீவ் வடக்கோடு ஒட்டிவிட்டதைக் கோர்ட் பிரித்தது" என்பார் அடுத்தவர். "பதின்மூன்றே ராஜீவ் எழுதியதுதானே" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். மூன்றிலும் பாதி சரி, பாதி குழப்பம். இந்தக் குழப்பம் தீர வேண்டுமானால் அந்த மனிதரின் அரசியல் வாழ்க்கையையும் அவர் வேலை செய்த விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இலங்கையில் அவர் செய்தது, இந்தியாவுக்குள் ஏற்கெனவே மூன்று இடங்களில் அவர் செய்து பார்த்ததன் தொடர்ச்சி.

முதலில் மூன்று சொற்கள்

1. இலங்கை இந்திய ஒப்பந்தம். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் கைச்சாத்திட்டது. இரண்டு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை. அதற்குள் நாட்டுச் சட்டம் எதுவும் இல்லை; சட்டம் செய்வோம் என்ற வாக்குறுதிதான் உண்டு.

2. பதின்மூன்றாம் திருத்தம். அந்த வாக்குறுதியின்படி இலங்கைப் பாராளுமன்றம் 1987 நவம்பரில் அரசியலமைப்பில் செய்த மாற்றம். கூடவே வந்தது 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம். இவற்றை எழுதியது கொழும்பு. ஒன்பது மாகாணங்களுக்கும் இது பொருந்தும்.

3. இணைப்பு. வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாண சபையின் கீழ் கொண்டுவந்தது. இது ஒப்பந்தத்தில் தற்காலிக ஏற்பாடாகச் சொல்லப்பட்டு, 1988 செப்டம்பரில் ஜனாதிபதியின் பிரகடனத்தால் நடைமுறைக்கு வந்தது.

2006இல் உயர் நீதிமன்றம் கைவைத்தது மூன்றாவதில் மட்டும். பதின்மூன்று அப்படியே இருக்கிறது. ஒப்பந்தத்தை எந்தத் தரப்பும் முறைப்படி ரத்துச் செய்யவில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் சந்திக் கடைச் சண்டைகளில் பாதி அடங்கிவிடும்.

விமானியாக இருந்தவர்

ராஜீவ் 1944 ஆகஸ்ட் 20 அன்று பம்பாயில் பிறந்தார். தாத்தா நேரு, தாய் இந்திரா. கேம்பிரிட்ஜில் பொறியியல் படிக்கப் போய்ப் பட்டம் பெறாமலே திரும்பினார். பிறகு இந்தியன் ஏர்லைன்ஸில் விமானி. அரசியல் வாரிசாக வளர்ந்தது தம்பி சஞ்சய். 1980 ஜூன் 23 அன்று சஞ்சய் விமான விபத்தில் இறந்த பிறகுதான் அண்ணனை வீட்டார் அரசியலுக்கு அழைத்தார்கள். 1981இல் அமேதி இடைத்தேர்தலில் வென்றார். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா சுட்டுக் கொல்லப்பட்ட அன்று மாலையே பிரதமர். அப்போது வயது நாற்பது. ஆண்டு முடிவதற்குள் நடந்த தேர்தலில் காங்கிரசுக்கு நானூறுக்கு மேற்பட்ட ஆசனங்கள். நேருவும் காணாத பெரும்பான்மை அது.

அமைச்சராக ஒரு நாள்கூட இருந்திராத ஒருவர் நேரே பிரதமர் நாற்காலியில் அமர்ந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். கோப்புகளோடு மல்லுக்கட்டிப் பழகியவர் இல்லை. கணினி, தொலைபேசி, கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம், பதினெட்டு வயதில் வாக்குரிமை என்று அவர் காலத்தில் வந்தவை எல்லாம் நீண்டகாலம் இழுபட்ட விடயங்களைச் சட்டென்று வெட்டி முடிக்கும் மனப்பாங்கைக் காட்டுகின்றன. அதே மனப்பாங்கோடுதான் இனச் சிக்கல்களையும் அணுகினார்.

கொழும்புக்கு முன் மூன்று கையெழுத்துகள்

பஞ்சாப். 1985 ஜூலை 24 அன்று அகாலி தளத் தலைவர் லோங்கோவாலுடன் உடன்பாடு. சண்டிகர் நகரம் பஞ்சாபுக்கு வரும் என்று எழுதினார்கள். ஒரு மாதம் போவதற்குள் லோங்கோவாலைத் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். சண்டிகர் இன்றுவரை போகவில்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அந்த மேசையில் இருக்கவில்லை.

அசாம். 1985 ஆகஸ்ட் 15. மாணவர் இயக்கத்துடன் உடன்பாடு. 1971 மார்ச் 25 அன்றும் அதற்குப் பின்னும் வந்தவர்களைக் கண்டுபிடித்து வெளியேற்றுவது என்று முடிவு. போராட்டம் நின்றது. ஆனால் யார் அந்நியர் என்ற கேள்வி அங்கே இன்றும் எரிகிறது. அந்தக் கணக்கெடுப்பில் அகப்படப்போகும் மக்கள் மேசையில் இருக்கவில்லை.

மிசோரம். 1986 ஜூன் 30. இருபது ஆண்டுகள் காட்டில் இருந்து போராடிய மிசோ தேசிய முன்னணியின் தலைவர் லால்டெங்காவுடன் உடன்பாடு. இது நிலைத்தது. 1987 பெப்ரவரியில் மிசோரம் முழு மாநிலமானது. மீண்டும் போர் வரவில்லை. ஏன் என்று பார்த்தால் ஒரு சின்ன விடயம் கண்ணில் படும். அப்போது அங்கே காங்கிரஸ் முதலமைச்சராக இருந்த லால் தன்ஹாவ்லா தன் நாற்காலியை லால்டெங்காவுக்கு விட்டுக்கொடுத்துத் தான் துணை முதலமைச்சராக இறங்கினார். ஆயுதம் வைத்திருந்தவரே கையெழுத்திட்டார், அவருக்கே நிர்வாகமும் போனது, அதற்காக டில்லியின் சொந்தக் கட்சி ஒரு விலையும் கொடுத்தது.

மூன்றில் ஒன்றுதான் தேறியது. நான்காவதாக இலங்கைக்கு வந்தபோது, தேறிய மிசோரம் பாணியை விட்டு, தேறாத பஞ்சாப் பாணியைத்தான் அவர் கையில் எடுத்துக்கொண்டு வந்தார் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து.

கொழும்பு மேசை

1985இல் பூட்டான் தலைநகர் திம்புவில் இலங்கை அரசுக்கும் தமிழ்த் தரப்புக்கும் பேச்சு நடந்து முறிந்தது. 1987 மே மாதம் வடமராட்சியில் இலங்கை இராணுவம் பெரிய நடவடிக்கையில் இறங்கியது. ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. அதன் பிறகு எட்டு வாரங்களில் ஒப்பந்தம். அவ்வளவு வேகம். பிரபாகரன் டில்லிக்கு அழைக்கப்பட்டு ஹோட்டலில் தங்கவைக்கப்பட்டார். ஒப்பந்தம் சொல்லப்பட்டது, ஆனால் புலிகள் அதில் ஒப்பமிடவில்லை. கொழும்பில் ஊரடங்கு. பிரதமர் பிரேமதாச கைச்சாத்து நிகழ்வுக்கே வரவில்லை. மறுநாள் மரியாதை அணிவகுப்பில் கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கிப் பிடியால் ராஜீவைத் தாக்கினார்.

ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் ஒரு வரி உண்டு. இலங்கையில் நான்கு இனங்கள் முதன்மையாக வாழ்கின்றன என்று எண்ணிச் சொல்கிறது: சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர். மட்டக்களப்பு நகரின் பறங்கிக் குடும்பங்களுக்கு ஒரு சர்வதேச ஆவணத்தில் இடம் கிடைத்தது. மலையகத் தமிழர் தனியாக எண்ணப்படவில்லை. வாகரைக் கரையோர வேடுவரும் இல்லை. வடக்கும் கிழக்கும் "தமிழ் பேசும் மக்கள்" வரலாற்று ரீதியாக வாழ்ந்துவந்த பிரதேசங்கள் என்று இன்னொரு பந்தி ஏற்றுக்கொள்கிறது. தமிழ்த் தரப்பு இன்றும் விடாமல் பிடித்திருக்கும் பந்தி அதுதான். கிழக்கு முஸ்லிம்களைத் தமிழ் பேசும் மக்களுக்குள் சேர்த்து எழுதிய அந்த மேசையில், அவர்களின் பெயரால் பேச ஒருவரும் இருக்கவில்லை. 1981இல் காத்தான்குடியில் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸ் அஷ்ரபின் தலைமையில் வேகமாக வளர்ந்ததற்கு இந்த வெற்றிடம் ஒரு முக்கிய காரணம்.

ஒப்பந்தத்தோடு சேர்த்து இரு தலைவர்களும் பரிமாறிய கடிதங்களையும் மறக்கக்கூடாது. திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குக் கேடாக வேறு நாட்டுப் படைகளுக்குக் கொடுப்பதில்லை, அங்கேயுள்ள எண்ணெய்க் குதங்களை இரு நாடும் சேர்ந்து சீரமைப்பது என்பவை அந்தக் கடிதங்களில் இருக்கின்றன. டில்லிக்கு உறுதியான ஆதாயம் இந்தக் கடிதங்கள்தான்.

கிழக்குக்கென்று எழுதிய பந்திகள்

வடக்கும் கிழக்கும் முதலில் ஒரே சபையாக இயங்கும். 1988 டிசம்பர் 31க்கு முன் கிழக்கு மாகாணத்தில் மட்டும் சர்வசன வாக்கெடுப்பு நடக்கும். சேர்ந்திருப்பதா பிரிவதா என்று கிழக்கு மக்கள் சாதாரண பெரும்பான்மையால் தீர்மானிப்பார்கள். பிரதம நீதியரசர் தலைமையில் மூவர் குழு மேற்பார்வை செய்யும். இடம்பெயர்ந்தவர்களுக்கும் வாக்குரிமை உண்டு.

நல்லது. ஆனால் அதே இடத்தில், ஜனாதிபதி விரும்பினால் வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கலாம் என்றும் எழுதியிருந்தது. அந்த ஒரு வரிதான் பிறகு பதினெட்டு ஆண்டுகளை ஓட்டியது. ஒவ்வொரு வருடமும் வர்த்தமானியில் ஒத்திவைப்பு வரும். ஜே.ஆர். போய் பிரேமதாச வந்து, விஜேதுங்க வந்து, சந்திரிகா வந்து, மகிந்த வந்தும் வர்த்தமானி நிற்கவில்லை.

வாக்கெடுப்பு ஏன் நடக்கவே இல்லை? கணக்கு எளிது. 1981 கணக்கெடுப்பில் கிழக்கு மாகாணத்தில் தமிழர் ஏறத்தாழ 42 வீதம், முஸ்லிம்கள் 32, சிங்களவர் 25. அம்பாறை மாவட்டத்தை மட்டும் எடுத்தால் முஸ்லிம்கள் 41, சிங்களவர் 38க்குக் கிட்ட, தமிழர் 20. எந்த ஒரு சமூகமும் தனியாக வாக்கெடுப்பை வெல்ல முடியாது. முஸ்லிம் வாக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் முடிவு. இணைப்பை விரும்பிய தமிழ்த் தரப்புக்குத் தோற்றுவிடும் பயம். கொழும்புக்கோ போர் நடக்கும் நேரத்தில் வாக்கெடுப்பு நடத்தி வம்பை வாங்குவானேன் என்ற எண்ணம். ஆக, ஒத்திவைப்பு எல்லோருக்கும் வசதியாகவே இருந்தது.

இந்தியன் ஆமியின் காலம்

1987 ஜூலை 30 முதல் 1990 மார்ச் 24 வரை இந்திய அமைதிப் படை இங்கே இருந்தது. வந்த வாரங்களில் மாலை போட்டு வரவேற்ற ஊர்கள், அக்டோபரில் புலிகளுடன் போர் மூண்டதும் பதுங்கு குழிக்குள் போயின. மட்டக்களப்பில் அந்தக் காலத்தின் அடையாளமாக நிற்பது மாமாங்கேஸ்வரர் கோவில் முன்றல். 1988 மார்ச் 19 அன்று அன்னை பூபதி அங்கே உண்ணாவிரதம் தொடங்கினார். பத்துப் பிள்ளைகளின் தாய். இந்தியப் படை போரை நிறுத்த வேண்டும், புலிகளுடன் பேச வேண்டும் என்ற கோரிக்கைகளுக்கு டில்லியிலிருந்து இறங்கி வந்த பதில் இல்லை. ஏப்ரல் 19 அன்று உயிர் பிரிந்தது. காந்தியின் பெயரைத் தன் பெயரில் சுமந்த ஒரு பிரதமரின் படைக்கு எதிராக, காந்தியின் வழியையே ஒரு மட்டக்களப்புத் தாய் எடுத்தார். நாவலடியில் அவருக்கு ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறார்கள்.

1988 நவம்பர் 19 அன்று வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தல். மொத்தம் 71 ஆசனங்கள். வடக்கின் 36க்கும் போட்டியே இல்லை. வாக்குப் பெட்டி திறந்தது கிழக்கில்தான். ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் வரதராஜப்பெருமாள் முதலமைச்சர், முஸ்லிம் காங்கிரஸ் எதிர்க்கட்சி. அந்தச் சபைக்குக் காவலாகத் தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றைத் திரட்ட 1989இல் வீதியில் போன இளைஞர்களையெல்லாம் ஏற்றிச் சென்றார்கள். "பிள்ளை பிடிக்கிறாங்கள்" என்ற பேச்சு அப்போதே தொடங்கியது. இந்தியப் படை கப்பலேறியதும் சபையும் கரைந்தது. 1990 ஜூனில் மறுபடி போர்.

இதற்கிடையில் ராஜீவின் நிலையும் சரிந்திருந்தது. போபர்ஸ் பீரங்கி பேரத்தில் ஊழல் என்ற குற்றச்சாட்டு 1987இல் எழுந்தது. 1989 நவம்பர் தேர்தலில் நானூறு ஆசனம் இருநூறுக்கும் கீழே இறங்கியது. வி.பி. சிங் பிரதமரானார். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் தற்கொலைக் குண்டுதாரியால் ராஜீவ் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்குப் பிறகு, இலங்கைத் தமிழர் விடயத்தில் டில்லி எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதன் பின்னால் ஸ்ரீபெரும்புதூர் நிற்கிறது.

பதின்மூன்றுக்குள் என்ன இருக்கிறது

இந்தியாவைப் பார்த்து வெட்டிய சட்டை இது. அங்கே ஒன்றியம், மாநிலம், பொது என்று மூன்று பட்டியல். இங்கே ஒதுக்கிய நிரல், மாகாண சபை நிரல், ஒருங்கிய நிரல். அங்கே குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஆளுநர். இங்கே ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர். ஆனால் துணி ஒற்றையாட்சித் துணி. அதனால் தோளில் இறுகுகிறது. எங்கே இறுகுகிறது என்பதை இப்படிப் பார்க்கலாம்:

1. ஆளுநர். மாகாணத்தின் நிதி நியதிச் சட்டங்களுக்கு அவரின் சிபாரிசு வேண்டும். மாகாண அரச சேவையும் அவரின் கீழ்.

2. பிரதேச செயலகம். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளர்களை மத்தியின் கைக்குக் கொண்டுபோனது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினைக்கு (உப செயலகத்தை முழுச் செயலகமாகத் தரமுயர்த்தும் சர்ச்சை) மாகாண சபை தீர்வு தர முடியாமல் எல்லோரும் கொழும்புக்கு ஓடுவது இதனால்தான்.

3. பொலிஸ். எழுத்தில் இருக்கிறது. மாகாணப் பொலிஸ் ஒருநாளும் அமையவில்லை.

4. காணி. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

மாகாண சபை நிரலில் காணி உண்டு. ஆனால் அரச காணி குடியரசின் உரித்து என்றும், மாகாணங்களுக்கு இடைப்பட்ட நீர்ப்பாசனத் திட்டங்களின் காணி மத்தியின் பொறுப்பு என்றும் பின்னிணைப்பு சொல்கிறது. கொள்கை வகுக்கத் தேசியக் காணி ஆணைக்குழு என்று ஒன்று அமைய வேண்டும். அது அமையவே இல்லை. 2013 செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் அரச காணி அதிகாரம் மத்திக்கே என்று தீர்ப்பளித்தது. மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, பெரிய மாதவணை மேய்ச்சல் தரைப் பிரச்சினை இந்த முடிச்சில்தான் சிக்கியிருக்கிறது. படுவான்கரைப் பக்கத்து மாட்டுப் பட்டிக்காரர் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தில் குந்தியபோது, கால்நடை மாகாணத்தின் விடயம், மாடு நிற்கும் நிலமோ மகாவலி அதிகாரசபையின் கையில். மாட்டுக்கு ஊசி போடுவது ஒருவர், மாட்டைத் துரத்துபவனைத் தடுக்க வேண்டியது இன்னொருவர்.

இவ்வளவையும் பார்த்துவிட்டுப் பதின்மூன்று வெறும் கோது என்று சொல்வதும் தவறு. மோட்டார் சைக்கிளின் வருமான அனுமதிப்பத்திரத்தில் மாகாணத்தின் பெயர் இருக்கும். தேசியப் பாடசாலை தவிர்ந்த மற்றப் பள்ளிக்கூடங்கள், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு வெளியே கிராமங்களில் உள்ள சிறிய வைத்தியசாலைகள், உள்ளூராட்சி மேற்பார்வை எல்லாம் மாகாணத்தின் கீழ். ஆசிரியர் இடமாற்றத்துக்குத் திருகோணமலைக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு இது தெரியும்.

பிரிந்ததும், நின்றுபோனதும்

மாகாண சபைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு, ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டுச் சண்டை ஓய்ந்த பிறகே இரு மாகாணங்களைச் சேர்க்கலாம் என்றது. 1988இல் சண்டை ஓயவில்லை. ஜே.ஆர். அவசரகால விதி ஒன்றால் அந்த நிபந்தனையைத் தளர்த்திவிட்டு இணைப்பைப் பிரகடனம் செய்தார். மக்கள் விடுதலை முன்னணித் தரப்பினர் தொடுத்த வழக்கில் 2006 அக்டோபர் 16 அன்று உயர் நீதிமன்றம் பிடித்தது இந்த ஓட்டையைத்தான்: அவசரகால விதியால் அந்தச் சட்டத்தை மாற்ற முடியாது, ஆகவே பிரகடனம் செல்லாது. இணைப்பு நல்லதா கெட்டதா என்று கிழக்கு மக்களிடம் அப்போதும் யாரும் கேட்கவில்லை. 2007 ஜனவரி 1 முதல் கிழக்கு தனி மாகாணம்.

2008இல் முதல் கிழக்கு மாகாண சபை. சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சர். 2012இல் இரண்டாவது. அதன் காலம் 2017 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. அதே மாதம் பாராளுமன்றம் தேர்தல் முறையைக் கலப்பு முறையாக மாற்றியிருந்தது. புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. அதைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. எனவே தேர்தல் ஆணைக்குழு விரும்பினாலும் திகதி குறிக்க முடியாது. பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தினால்தான் வழி திறக்கும். பதின்மூன்றை யாரும் நீக்காமலே சபை இல்லாமல் ஆளுநர் ஆட்சி மட்டும் மிஞ்சியது இப்படித்தான்.

அந்த இரண்டாவது சபையில் 37 ஆசனங்கள்: அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, போனஸ் 2. அப்போது கொழும்பில் ஆட்சியிலிருந்த ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 11, முஸ்லிம் காங்கிரஸ் 7. எவருக்கும் 19 இல்லை. முதலில் முஸ்லிம் காங்கிரஸ் கொழும்பு அரசோடு சேர்ந்தது. கொழும்பில் ஆட்சி மாறிய பின் 2015 பெப்ரவரியில், 11 ஆசனம் வைத்திருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 7 ஆசனம் வைத்திருந்த முஸ்லிம் காங்கிரசின் நசீர் அகமட்டை முதலமைச்சராக ஏற்று, தான் இரண்டு அமைச்சுகளோடு அமைந்தது. 1986இல் மிசோரத்தில் பெரிய கட்சி சிறியதற்கு நாற்காலியை விட்டது ராஜீவ் சொல்லி நடந்தது. கிழக்கு மாகாண சபை கூடும் திருகோணமலையில் நடந்ததற்கு டில்லியிலிருந்து எவரும் வரவில்லை. அந்தக் கூட்டு இரண்டரை வருடம் ஓடியது. அதை மக்கள் எப்படி எடைபோட்டார்கள் என்று காட்டக்கூடிய அடுத்த மாகாண சபைத் தேர்தலைத்தான் 2017இல் மாற்றிய சட்டம் கட்டிப்போட்டது.